மூணு மணிக்கு எடுக்கிறாங்க

எட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து விமான டிக்கெட் போட்டுவிட்டு, முப்பத்தோரு வயதில் பணி அனுபவம் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்படிதான். ஓய்வு பெறுகிறேன் என்றும் சொல்ல முடியாது. பாலிடெக்னிக்கில் சர்வே பாடம் நடத்தப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் மன்னார்குடி கவுண்டரில் என் இடத்துக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும் ஒன்றை எழுதி வைக்காமல் போக மனம் வரவில்லை. டிக்கெட் போடுவது எப்படி, பெயரில் எழுத்து மாறினால் என்ன செய்வது, சீட்டு காத்திருப்பில் இருந்தால் எங்கே தட்டுவது, இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றியும் அதற்குப் பின்னால் வந்த பதினாறு நாட்களைப் பற்றியும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. படித்தது சிவில் டிப்ளமோ. எதையும் பட்டியல் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனசு அடங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஓர் அட்டை தயாரித்துக் கவுண்டர் கண்ணாடிக்குள் செருகி வைத்தேன். நான்கு பத்தி: ஊர், திருச்சியிலிருந்து தூரம், பறக்கும் நேரம், கடிகார வித்தியாசம். சிங்கப்பூர் முதல் வரி. சுமார் மூவாயிரம் கிலோமீட்டர். நான்கு மணி நேரம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தூரத்தை நானே அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துக் கணக்குப் போட்டேன். அதில் எனக்குப் பெருமை.

அந்தக் கடைசிப் பத்திதான் வாடிக்கையாளர்களுக்குப் புரியாது. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். போகும்போது கழித்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம் வரும், திரும்பும்போது ஒன்றரைதான் வரும். கூத்தாநல்லூரிலிருந்து மகனைப் பார்க்கக் கிளம்பிய ஓர் அம்மா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"போறப்ப ஆறரை மணி நேரம், வர்றப்ப ஒன்றரை மணி நேரம். ஏம்மா, வர்றப்ப ஓட்டுறாரே, அந்த டிரைவரையே போறப்பவும் ஓட்டச் சொல்லேன்."

கவுண்டர் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இவ்வளவு பெரிய கணக்குக்காரி நான் இருக்கும்போது நேரத்தில் யாருக்கும் குழப்பம் வராது என்று அப்போது நினைத்தேன்.

நான் சொல்ல வந்த நாள் என்னுடைய இரண்டாவது வருடத்தில் வருகிறது. வீட்டுக்கு வீடு அரசாங்கக் கலர் டி.வி. வந்துகொண்டிருந்த காலம். நிலமில்லாதவர்களுக்கு இரண்டு ஏக்கர் தரிசு என்ற பேச்சும் கூடவே வந்தது. எங்கள் பக்கம் தரிசு என்று எதைச் சொல்வது? கிராமத்துக்குக் கிராமம் வழக்கு, தாசில்தார் ஆபீசில் பேச்சுவார்த்தை, அதற்கு வெளியே கைகலப்பு. மன்னார்குடிக்குத் தெற்கே முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு கிராமத்தில், வாய்க்காலை ஒட்டிக் கருவை மண்டிக் கிடந்த நிலத்தை இருபது கூலிக் குடும்பங்கள் திருத்தி நெல் போட்டிருந்தன. பட்டா கேட்டு மனுவும் போட்டிருந்தன. பண்ணை வீட்டாரோ அது பாட்டன் காலத்திலிருந்து தங்கள் அனுபோகம் என்றார்கள். இரண்டு தரப்பும் கட்டியிருந்தது ஒரே ஆளுங்கட்சிக் கொடி.

அந்த இருபது குடும்பங்களுக்கும் முன்னால் நின்றவர் ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்துபோனார். அவருடைய மூத்த மகன் செல்வராசு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. இளைய மகன் ஊரில். மருமகன் முருகையன்தான் கவுண்டர் திறந்ததும் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"மேடம், சிங்கப்பூர்லேருந்து ஒரு டிக்கெட்டு. மச்சானுக்கு. மாமா தவறிட்டாரு."

"எப்பங்க?"

"விடியக்கால. நல்லாத்தான் படுத்தாரு. போன வாரம் வரப்புல நடந்த தகராறுலதான் செத்தாருன்னு ஊரே பேசுது. ஏழு மணிக்கே இன்ஸ்பெக்டரு ஜீப்போட வந்துட்டாரு. சுடுகாட்டுக்கு அந்த நிலத்து வரப்பு வழியாத்தான் போகணும், கூட்டம் சேர்ந்தா வம்பு, ரெண்டு மூணு மணிக்குள்ள எடுத்துடுங்கங்கறாரு."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அத்தை வாசல மறிச்சு உக்காந்துட்டாங்க. பெரியவன் வந்து மொகத்தப் பாக்காம எடுக்க விடமாட்டேன்னுட்டாங்க. கடைசியா ஊர்ல பேசி ஒரு முடிவு. அவன் வந்தா நாளைக்குக் காலையில எடுக்குறது. வர முடியாதுன்னு அவனே சொல்லிட்டா, இன்னைக்கே எடுக்குறது, சின்னவன் கொள்ளி வைக்கிறது. சீட்டு கெடச்சுதான்னு இந்த நம்பருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். நான் போறேன், அங்க ஆளு இல்ல."

எடுக்கிறது, எடுக்கிறது என்று அந்தச் சொல்லை அவர் எத்தனை தடவை என் முகத்துக்கு நேரே சொன்னார் என்று நீங்கள் மேலே திரும்பிப் போய் எண்ணிக்கொள்ளலாம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய நேர் விமானத்தில் இடம் நிரம்பியிருந்தது. மறுநாளுக்குத்தான் தாராளமாக இருந்தது. மறுநாள் என்றால் செல்வராசு அப்பாவைப் பார்க்க முடியாது. அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும், அதற்கு இன்றைய விமானத்தில் ஓர் இடம் வேண்டும். சென்னையில் தெரிந்தவரைக் கூப்பிட்டேன், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், காத்திருந்த ஒருவர் விலகியதில் ஒரு சீட்டு விழுந்தது. மணி ஒன்பதரை. சிங்கப்பூரில் பகல் பன்னிரண்டு. அங்கே மூன்று மணிக்கு விமானம். நேரே செல்வராசுவைக் கூப்பிட்டேன். பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

"சீட்டு கெடச்சிடுச்சுங்க. பாஸ்போர்ட் கையில இருக்கா?"

"ஆபீஸ்ல குடுத்துட்டாங்க மேடம். எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

"மூணு மணிக்கு. ஒன்றரைக்குள்ள நீங்க ஏர்போர்ட்ல இருக்கணும்."

"இருந்துடுவேன்." பிறகு சொன்னார்: "வீட்டுக்கு நீங்களே சொல்லிடுங்க மேடம். நான் பேசுனா அம்மா ஒடைஞ்சிடும், நானும் கெளம்ப முடியாது. நான் வர்றேன்னு மட்டும் சொல்லிடுங்க. போதும்."

நான் வர்றேன்னு மட்டும். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அது. அதை அப்படியே போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

நான் முருகையன் கொடுத்த எண்ணைப் போட்டேன். எடுத்தது முருகையன் இல்லை. வயதான ஆண் குரல். செல்வராசுவின் பெரியப்பா என்று பிறகு தெரிந்துகொண்டேன். பக்கத்தில் தப்பு மேளச் சத்தம், பெண்களின் அழுகை.

"யாரு?"

"மன்னார்குடி டிராவல்ஸ்லேருந்து பேசுறேங்க. சிங்கப்பூர்ல பேசிட்டேங்க. மூணு மணிக்கு எடுக்குறாங்க. வீட்ல சொல்லிடுங்க."

"எத்தன மணிக்கு?"

"மூணு மணிக்குங்க."

"மூணு மணிக்கு எடுக்குறதா? அவனே சொல்லிட்டானா?"

"ஆமாங்க, அவர்ட்ட பேசிட்டுத்தான் சொல்றேன். எல்லாம் முடிவாயிடுச்சு."

"சரிம்மா," என்றார். ஒரு பெருமூச்சு. "சரி. அவன் வாயால சொன்னா சரி."

அந்தப் பெருமூச்சை நிம்மதி என்று எடுத்துக்கொண்டு போனை வைத்தேன். என் துண்டுத் தாளில் செல்வராசு பெயருக்கு எதிரே நான்கு வேலை எழுதியிருந்தேன்: சீட்டு, அவருக்குத் தகவல், வீட்டுக்குத் தகவல், திருச்சிக்குக் கார். மூன்றாவதை அடித்தேன்.

நம் ஊரில் பஸ்ஸை எடுப்பார்கள், ரயிலை எடுப்பார்கள், விமானத்தையும் எடுப்பார்கள். சாவு வீட்டில் எடுப்பது ஒன்றுதான். இரண்டையும் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். செல்வராசுவும் நானும் விமானத்தைப் பற்றிப் பேசிய வாய் மூடுவதற்குள், அதே சொல்லைக் கொண்டுபோய்ப் பிணம் கிடக்கும் வீட்டில் போட்டேன். அதிலும் நான் சொன்ன மூன்று மணி சிங்கப்பூர் மூன்று மணி. கடிகார வித்தியாசத்துக்கென்று தனிப் பத்தி போட்டு ஒட்டியவள், நம் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கூடச் சொல்லவில்லை. பன்னிரண்டரை என்று சொல்லியிருந்தாலாவது, பன்னிரண்டரைக்கு எப்படி எடுப்பது என்று அங்கே யாராவது குழம்பித் திரும்பக் கேட்டிருப்பார்கள். மூன்று மணி அவர்களுக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் சொன்ன நேரமும் அதுதானே.

என் பக்கத்து நாற்காலியில் எனக்கு முன்பே சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். போனில் எதைச் சொன்னாலும், "இப்ப நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்பார். ஸ்கூல் டீச்சர் மாதிரி என்று நானே கேலி செய்திருக்கிறேன். அன்று அவர் விடுப்பு. இருந்திருந்தாலும் நான் அதைச் செய்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். துக்க வீட்டில் போய், திருப்பிச் சொல்லுங்க என்று எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டிருப்பேன். நீங்கள் கூச்சப்படாதீர்கள். துக்க வீட்டில்தான் கேட்க வேண்டும். அங்கே யார் காதிலும் முழு வாக்கியம் போய்ச் சேராது.

மதியம் எங்களுக்கு வழக்கமாகக் கார் ஓட்டும் கணேசன் அண்ணனைத் திருச்சிக்கு அனுப்பினேன். மூன்று நாற்பதுக்கு, கார் கிளம்பிவிட்டது என்று சொல்வதற்காக மறுபடி அந்த எண்ணைப் போட்டேன். இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை முருகையன். தப்புச் சத்தம் இப்போது நகர்ந்துகொண்டிருந்தது. வெடிச் சத்தமும் கேட்டது.

"சொல்லுங்க மேடம். எடுத்தாச்சு. வரப்புல போயிட்டு இருக்கோம்."

எனக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. அந்த ஒரு நொடிக்குப் பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது.

"நிறுத்துங்க! அவரு வந்துட்டு இருக்காருங்க! பிளைட்ல இருக்காரு!"

"யாரு? மச்சானா? எடுக்கச் சொல்லிட்டான்னு சொன்னாங்களே!"

நான் சொன்னது விமானத்தை என்ற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. இப்போது விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு அதை விழுங்கினேன். "அதெல்லாம் அப்புறம். முதல்ல நிறுத்துங்க" என்றேன். அவர் ஓடும் மூச்சு கேட்டது. கூச்சல். பிறகு வேறொரு குரல், அதிகாரமான குரல், போனை வாங்கியது. இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் ஆகும் வர?"

நான் கணக்குப் போட்டேன். நாலரைக்கு இறங்குவார். வெளியே வர அரைமணி. திருச்சியிலிருந்து வல்லம், தஞ்சாவூர் வழியாக மன்னார்குடி, அங்கிருந்து முக்கால் மணி.

"எட்டு மணி ஆயிடுங்க."

"எட்டு மணியா? இருட்டுல, இந்த நெலத்துல, இவ்வளவு கூட்டத்த வச்சுகிட்டு? என்னம்மா பேசுற?"

போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டார். இணைப்பு மட்டும் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. "எடுத்தத திருப்பி வீட்டுக்குக் கொண்டு போற வழக்கம் இல்ல சார்," என்று யாரோ சொன்னார்கள். "அங்கயே வச்சுக் காத்திருப்போம்," என்றது ஓர் இளைய குரல். "எட்டு மணி வரைக்குமா? பொழுது சாஞ்சு எரியூட்டக் கூடாதுடா," என்றது இன்னொன்று. சுடுகாட்டில் கால் மணி நேரம் காத்திருந்தார்கள் என்றும், நாலு பத்துக்குச் சின்னவர் கொள்ளி வைத்தார் என்றும் அன்றிரவு அங்கே போய் வந்த கணேசன் அண்ணன் சொன்னார்.

எட்டு மணி என்று நான் சொன்னது சரியான கணக்கு. உண்மையில் அவர் வந்து சேர்ந்ததும் எட்டுக்குச் சற்று முன்தான். ஆனால் அந்த இடத்தில் கேட்கப்பட்டது கணக்கு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. "என் தப்பு, என் வார்த்தையை நம்பி எடுத்துவிட்டீர்கள், நான் வண்டி பிடித்து அங்கே வருகிறேன், அவர் அம்மாவைக் கேளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவர் அம்மா சரி என்றால் அந்த இருபது குடும்பமும் விடிய விடியக்கூட உட்கார்ந்திருக்கும். நான் ஓர் எண்ணை மட்டும் கொடுத்தேன். எண் சரியாக இருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்தது என் இரண்டாவது தப்பு. இது முதல் தப்பைப் போலக் கைதவறிச் செய்தது இல்லை, யோசித்தே செய்தது. கணேசன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அவர்ட்ட எதுவும் சொல்லாதீங்க. போன் கேட்டா சார்ஜ் இல்லேன்னு சொல்லிடுங்க. வீட்ல போய்த் தெரிஞ்சுக்கட்டும்."

"பாவம்மா. மூணு மணி நேரம் பக்கத்துல ஒக்காந்து வரணும்."

"வழியில தெரிஞ்சா தாங்க மாட்டாருண்ணே."

தாங்க மாட்டாதவள் நான். அவர் காரில் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்வாரோ என்று பயந்தேன். அதற்கு அவர் பெயரைப் போட்டுக்கொண்டேன். இந்த ஏற்பாட்டால், செல்வராசு மூன்று மணி நேரம் அப்பா முகத்தைப் பார்க்கப் போகிறவராகவே காரில் உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கியபோது பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடு கழுவி விட்டிருந்தது.

மறுநாள் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வளைகுடாவில் இருபது வருடம் இருந்து வந்தவர், நல்ல மனுஷர். "விடும்மா," என்றார். "நீ பிளைட்டத்தான சொன்ன. கேட்டவங்க தப்பாக் கேட்டா நாம என்ன செய்ய முடியும்?" அந்தக் குடைக்குள் நான் போய் நின்றுகொண்டேன். முருகையன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. துக்கம் நடக்கும் வீட்டில் போய் இதைக் கிளற வேண்டாம், கருமாதி முடியட்டும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். தினமும் அந்தக் காரணம் புதிதாகவே இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, மறுநாள் காலை பத்து மணிக்குச் செல்வராசு கவுண்டருக்கு வந்தார். திரும்பும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அப்படியே திருச்சி போக வேண்டும். வெளியே கணேசன் அண்ணன் கார். மொட்டை அடித்த தலை, கையில் ஒரே ஒரு பை. அதுவரை குரலாக மட்டுமே தெரிந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும்.

"நீங்கதான அந்த மேடம்? அன்னைக்கு அவ்வளவு கஷ்டப்பட்டு சீட்டு வாங்கிக் குடுத்தீங்க. ரொம்ப நன்றிங்க."

அச்சடித்த காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பேச வேண்டும்போல இருந்தது அவருக்கு.

"ஜன்னல் ஓர சீட்டு மேடம். எறங்குறதுக்குக் கொஞ்ச முன்னாடி கீழ உப்பளம் தெரிஞ்சுது, கட்டம் கட்டமா. வேதாரண்யம்தான்னு நெனச்சேன். அப்புறம் ஒரே பச்ச. நம்ம பக்கம்தான் போவுதோ, கீழ எங்கயோதான் அப்பா இருக்காரு, இன்னும் கொஞ்ச நேரம்தான்னு நெனச்சுகிட்டேன்."

நான் சர்வே படித்தவள். சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் ஒரு கோடு இழுத்தால் அது வேதாரண்யத்துக்கு மேல் கரையேறி மன்னார்குடிக்குச் சற்றுத் தெற்கே போகும். நாலரைக்கு இறங்குகிற விமானம் அங்கே எத்தனை மணிக்கு இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கொள்ளி வைத்த அந்த நாலு பத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. தெரிந்த கணக்கையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்று நான் அறிந்துகொண்டது அந்த ஒரு இடத்தில்தான். மற்ற எல்லா இடத்திலும் பேச வேண்டியதைப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

"வீட்ல எல்லாம் எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். வாய்க்கு வந்த கேள்வி.

"அம்மா எங்கிட்ட பேசல மேடம். வந்த நாளா ஒரு வார்த்தை பேசல. நான்தான் மூணு மணிக்கு எடுக்கச் சொன்னேனாம். அப்புறம் மனசு மாறி பிளைட்டு ஏறிட்டேனாம். பெரியப்பா சத்தியம் பண்றாரு. நான் யார்ட்டயும் அப்படிச் சொல்லவே இல்ல. என் தம்பிதான் ஏதோ சொல்ல வச்சிருப்பானோன்னு தோணுது. நெலத்து லிஸ்ட்டுல அப்பா எடத்துல அவன் பேர எழுதப் போறாங்க. கொள்ளி வச்சவன் பேருதான எழுதுவாங்க. நேத்து அவனக் கை ஓங்கிட்டேன்."

என் கை மேஜையில் இருந்தது. அதன் கீழே அவருடைய டிக்கெட். இன்னும் இரண்டு நிமிடம் நான் பேசாமல் இருந்தால் அவர் காரில் ஏறிவிடுவார், விமானம் ஏறிவிடுவார், மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவார், எனக்கு எதுவும் ஆகாது. இதையும் நான் கணக்குப் போட்டேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

"உங்க தம்பி இல்லீங்க," என்றேன். "நான்தான்."

சொன்னேன். எந்தச் சொல்லைச் சொன்னேன், பெரியப்பா என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன், கணேசன் அண்ணனிடம் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு தன் போனை எடுத்து ஓர் எண்ணைப் போட்டு, கவுண்டர் மேல் என் முன்னால் வைத்தார்.

"எங்க அம்மா. அவங்ககிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது."

மறுமுனையில் ஒரு பெண் குரல், "யாரு?" என்றது.

"அம்மா, மன்னார்குடி டிராவல்ஸ்ல டிக்கெட் போடுறவ பேசுறேன். அன்னைக்குப் போன் பண்ணவ நான்தான்மா. மூணு மணின்னு சொன்னது பிளைட்டு நேரம். பிளைட்ட எடுக்குறதச் சொன்னேன். அவரு எதுவும் சொல்லலம்மா."

கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது.

"அவன் எடுக்கச் சொல்லலையா?"

"இல்லம்மா. நான் வர்றேன்னு மட்டும் சொல்லிடுங்கன்னு சொன்னாரு. அத நான் சொல்லல."

"இத ஏம்மா அன்னைக்கே வந்து சொல்லல நீ?"

கருமாதி முடியட்டும் என்று வைத்திருந்த காரணத்தை அந்த அம்மாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

"பதினாறு நாளா அவனுக்குச் சோறு போட்டேன்," என்றார். கோபமே இல்லாத குரல். தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "ஒரு நாளு கூட அவன் மொகத்தப் பாத்துப் போடல. தட்ட வச்சுட்டுத் திரும்பிகிட்டேன். இப்பப் பாக்கணும்னா அவன் எங்க இருக்கான்?"

"இங்கதான்மா நிக்கிறாரு."

"திரும்பி வர முடியுமா?"

வெளியே கணேசன் அண்ணன் ஹாரன் அடித்தார். திரும்பி ஊருக்குப் போய் வந்தால் ஒன்றரை மணி நேரம். விமானம் போய்விடும். அடுத்த மூன்று நாளுக்கு இடம் இல்லை. அவர் நாளைக் காலையில் பட்டறையில் நிற்காவிட்டால் வேலை இருக்காது. இதில் எந்த எண்ணையும் என்னால் மாற்ற முடியவில்லை. செல்வராசு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், முடியாது என்று.

"போன அவன்கிட்ட குடு," என்றார் அந்த அம்மா.

செல்வராசு போனைக் காதில் வைத்துக்கொண்டு, டிக்கெட்டை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கவுண்டரில் டிக்கெட் வாங்கியதில்லை. அவர் தம்பி ஒரு தடவை வந்தார். அண்ணன்தான் அனுப்பியதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் கணேசன் அண்ணன் திரும்பி வந்தார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "பிளைட்டப் புடிச்சாராண்ணே?" என்று கேட்டேன்.

"புடிச்சிட்டாரு."

"அம்மாகிட்ட பேசினாரா?"

"என்னத்தப் பேசுனாங்க! வடுவூர் தாண்டுற வரைக்கும் அழுதாங்க, ரெண்டு பேரும். தஞ்சாவூர்ல ஒருக்கா, அந்தம்மா சாப்பிட்டியான்னு கேட்டுருக்கும்போல, இந்தப் புள்ள ம்ம்னுச்சு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. வல்லம் போயிடுச்சு, துவாக்குடி போயிடுச்சு. சரி, கட் ஆயிடுச்சுபோலன்னு திரும்பிப் பாத்தேன். இல்லம்மா. போன காதுலயே வச்சிருக்கு. அங்க வீட்ல மாடு கத்துறது கேக்குது, ஏதோ பாத்திரம் உருள்றது கேக்குது. அதக் கேட்டுகிட்டே உக்காந்துருக்கு. ஏர்போர்ட் கேட்டுல செக்கிங்காரன் போன வைங்கன்னு சொல்ற வரைக்கும் ரெண்டு பேருல ஒருத்தரும் வைக்கல."